நான் வாங்கிக் குடிக்காத சூப்

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை காலை குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். மிளகும் சீரகமும் வறுபடும் வாசம் வந்தது. நம் லைன் வீடுகளில் பத்துக் குடும்பம் இருக்கிறது. யார் வீட்டு அடுப்பாகவும் இருக்கலாம் என்று இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அதோடு சேர்ந்து கொள்ளு வேகும் வாசமும் வந்தது. என் கை அப்படியே நின்றுவிட்டது. எலும்புச் சூப்பில் கொள்ளு போடுகிற வீடு இந்த வரிசையில் ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டுக்காரிக்கு வருஷத் திவசம் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு கணம் நீங்கள்தான் வந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். பயமாக இல்லை. 'எவ்வளவு நேரமா காத்திருக்கேன், எங்கக்கா போனீங்க' என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். அப்புறம்தான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது. துணியை வாளியிலேயே போட்டுவிட்டு, ஈரக்கையோடு உங்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன். ஒரு வருஷமாக நான் மிதிக்காத வாசல்.

நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து அருள்புரம் வந்து குடியேறிய முதல் மார்கழி உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் ஊரில் குளிர் என்ற சொல்லையே நாங்கள் அதிகம் பயன்படுத்தியதில்லை. இங்கே விடியற்காலைப் பனியும், பனியன் கம்பெனிக்குள் பறக்கிற பஞ்சுத் தூசியும் சேர்ந்து என் வீட்டுக்காரருக்கு இருமல் நிற்கவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்று, "ஏனுங்க அம்மிணி, ஒரு போசி எடுத்துட்டு வாங்க" என்றீர்கள். எனக்குப் போசி என்றால் என்னவென்று தெரியவில்லை. விழித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் உள்ளே எட்டிப் பார்த்து அடுக்களையில் கவிழ்த்திருந்த தூக்குச்சட்டியைக் காட்டினீர்கள்.

"இதையா? இத நாங்க ஏனம்னு சொல்லுவோம்க்கா" என்றேன்.

"என்னமோ ஒன்னு. சூப்பு ஊத்துனா ஒழுகாம இருந்தாச் சரி" என்று சிரித்தீர்கள்.

அன்று அந்தச் சூப்பை நானும் வீட்டுக்காரரும் பிள்ளைகள் இரண்டும் தரையில் வட்டமாக உட்கார்ந்து குடித்தோம். நெஞ்செலும்பின் சாறு, அதில் கொள்ளுத் தண்ணீர், வெந்த கொள்ளில் பாதியை மசித்துவிட்டதால் வந்த கெட்டி, இடித்துப் போட்ட மிளகின் காரம், மேலே பச்சைப் பசேலென்று மல்லித்தழை. என் வீட்டுக்காரருக்கு வேர்த்து ஊற்றியது. "தொண்டையில இருந்த பஞ்செல்லாம் இறங்கிட்டு" என்றார். அதற்குப் பிறகு ஆறு வருஷம், குளிர்கால ஞாயிறுகளில் அந்தத் தூக்குச்சட்டி உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தது.

நீங்கள் ஓவர்லாக் மெஷினில், நான் செக்கிங் மேஜையில். வாரத்தில் ஆறு நாள் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தோம். ஆனால் பேச நேரம் ஏது? நீங்கள் தைத்து அனுப்பும் பனியன்தான் என் மேஜைக்கு வந்து சேரும். அதில் நூல் பிசிறு ஒன்றுகூட இருக்காது. பேச்செல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். உங்கள் அடுக்களை வாசலில் உட்கார்ந்து நான் சின்ன வெங்காயம் உரிப்பேன். நீங்கள் நின்றபடி இடிகல்லில் மிளகு இடிப்பீர்கள். உங்கள் மகள் சூப்பை எடுத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி மூலைக்குப் போனால் விடமாட்டீர்கள். "வயித்துக்குன்னா கஞ்சி போதுங்கண்ணு. சூப்பு வெக்கறது எல்லாரும் ஒன்னா உக்காரத்தான்" என்பீர்கள். உங்கள் வீட்டு அண்ணனுக்குச் சாயப்பட்டறையில் ஷிப்டு மாறி மாறி வரும். நீங்கள் மூன்று பேரும் முகம் பார்த்து உட்காருகிற ஒரே நேரம் அதுதான் என்று எனக்குத் தெரியும்.

போன வருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு வேலை இருந்தது, மதியத்துக்கு மேல்தான் வருவார். மகள் பின்னறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட முதல் நாள்தான் எனக்கு ஸ்டூல் பிடித்தீர்கள். எல்லாம் வழக்கம்போல. குக்கரை மூடி அடுப்பில் ஏற்றிவிட்டு, மிளகை இடிக்க ஆரம்பித்தீர்கள். நான் கூடையைத் துழாவிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"மல்லித்தழ இல்லியேக்கா. மல்லித்தழ இல்லாட்டா நம்ம கம்பெனி டீ மாதிரில்லா இருக்கும்."

நீங்கள் இடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தீர்கள். மிளகுத்தூள் ஒட்டிய கையைச் சேலையில் தட்டிவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்தீர்கள்.

"நாலு எட்டுல வந்தர்றேன். மூனு விசில் வந்தா அடுப்பச் சிம்முல வெச்சுருங்க அம்மிணி."

இதுதான் நீங்கள் என்னிடம் கடைசியாகச் சொன்னது. நான் பதிலுக்கு 'சரிக்கா' என்றுகூடச் சொல்லவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விசில் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்ததும் எழுந்துபோய் அடுப்பைக் குறைத்தேன். அப்போது தெருவில் யாரோ ஓடி வரும் சத்தம். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. "உங்க பக்கத்து ஊட்டு அக்காளுங்க… மெயின் ரோட்டுல… வேன் அடிச்சுருச்சுங்க. ஆட்டோவுல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க" என்றார்.

அக்கா, நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பி உள்ளே போய் அடுப்பை அணைத்தேன். சிலிண்டர் வால்வையும் மூடினேன். வெங்காயத் தட்டை எறும்பு வராத இடமாகப் பார்த்து எடுத்து வைத்தேன். இவ்வளவும் செய்துவிட்டுத்தான் உங்கள் மகளைக் கூப்பிட்டேன். ஒரு மனுஷி சாகக் கிடக்கும்போது வெங்காயத் தட்டை எடுத்து வைக்கிற கை எப்படிப்பட்ட கை! இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. என் காதில் விழுந்த செய்தி கைக்குப் போய்ச் சேரவில்லை என்று நினைக்கிறேன்.

நாங்கள் ரோட்டுக்குப் போனபோது அங்கே நீங்கள் இல்லை. உங்கள் செருப்பில் ஒன்று மட்டும் கிடந்தது. வண்டிகள் அதைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. உங்கள் மகள் அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் எங்களை உள்ளே விடும்போது எல்லாம் முடிந்திருந்தது. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. தூங்கும்போது எழுப்பினால் கோபித்துக்கொள்வீர்களே, அந்த மாதிரிப் புருவம் கொஞ்சம் சுருங்கியிருந்தது. நான் உங்கள் வலது கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். விரல்களில் மிளகு வாசம் அடித்தது. அந்த இடத்தில்தான் நான் அலறினேன். நர்ஸ் வந்து என்னை வெளியே கொண்டுபோனார். மிளகு வாசம் அடிக்கிற கை எப்படிச் செத்த கையாக இருக்கும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டே போனேன்.

உங்களை மறுநாள்தான் தருவோம் என்றார்கள். அன்று சாயங்காலம் நாலு மணிக்கு நாங்கள் வீடு திரும்பியபோது வெள்ளகோவிலிலிருந்து அண்ணனின் பெரியம்மா வந்திருந்தார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எழவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று யாரோ காபி வாங்கி வந்து எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா அடுக்களைக்குள் போய்க் குக்கரைத் திறந்து பார்த்திருக்கிறார்.

"போன உசுரு கையில வெச்சதுங்க. இத ஊட்டுக்குள்ள வெச்சுருக்கக் கூடாது. கொண்டுபோயி சாக்கடையில கொட்டிப்போடுங்க" என்றார்.

உங்கள் மகள் எழுந்தாள். அதுவரை அவள் அழவே இல்லை. அடுக்களைக்குள் போய் மூன்று டம்ளரில் அந்தச் சூப்பை ஊற்றினாள். மிளகு சேராத, தாளிக்காத, பாதிச் சூப். ஆறிப்போய் மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. ஒரு டம்ளரை நின்றபடியே குடித்தாள். ஒன்றை அவள் அப்பாவிடம் கொடுத்தாள். அண்ணன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்தார். பெரியம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். மூன்றாவது டம்ளரை எடுத்துக்கொண்டு அவள் நேராக என்னிடம் வந்து நீட்டினாள்.

"குடிங்க சித்தி. அம்மா வெச்சது."

அக்கா, நான் வாங்கவில்லை. டம்ளருக்குள் பார்த்தேன். பச்சையாக எதுவும் மிதக்காத அந்தச் சூப்பைப் பார்த்தேன். மல்லித்தழை வாங்க உங்களை அனுப்பியவள் நான் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அவளுடைய கையை விலக்கிவிட்டு எழுந்து என் வீட்டுக்கு ஓடிவிட்டேன். முதுகுக்குப் பின்னால் டம்ளர் தரையில் விழும் சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. அவள் என்ன நினைத்தாள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெரியம்மா மாதிரி நானும் உங்கள் கைச்சாப்பாட்டைத் தீட்டு என்று ஒதுக்கிவிட்டேன் என்று நினைத்தாள். ஆறு வருஷம் வாங்கித் தின்றவள், செத்த நாளில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று நினைத்தாள். அப்படி இல்லை என்று சொல்வதென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் நடப்பது, பாத்திரம் வைப்பது எல்லாம் கேட்கும். வாசலில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொள்வோம். அண்ணன் மட்டும், "நல்லா இருக்கீங்களா அம்மிணி" என்று வழக்கம்போலக் கேட்பார். அந்த 'அம்மிணி' காதில் விழுந்ததும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

இப்போது போன ஞாயிற்றுக்கு வருகிறேன்.

வாசலில் ஈரக்கையோடு நின்ற என்னை உங்கள் மகள் பார்த்தாள். காலேஜ் போக ஆரம்பித்தபின் உயரமாகத் தெரிகிறாள். உங்கள் இடிகல், உங்கள் கரண்டி. அடுப்பில் குக்கர். அவளும் திகைத்துத்தான் நின்றாள். பிறகு, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"கொத்தமல்லித் தழை இல்லீங்க. கடைக்குப் போயிட்டு வந்தர்றேன்."

ஆணியிலிருந்து ஒரு பையை எடுத்தாள். செருப்பில் காலை நுழைத்தாள். நான் பாய்ந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் பயந்தேபோனாள்.

"போவாத! போவாத தாயி! அன்னைக்கு நான்தான் உங்கம்மாவப் போவச் சொன்னேன். மல்லித்தழ இல்லைன்னு நான்தான் சொன்னேன். நான் சொல்லலைன்னா அவிய போயிருக்கவே மாட்டாவ. அதான் அந்தச் சூப்ப என்னால வாங்க முடியல. வேற ஒன்னும் இல்ல. சத்தியமா வேற ஒன்னும் இல்ல."

சொல்லிவிட்டு அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மெல்லச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"நீங்க இல்லீங் சித்தி. நான்தான்" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அம்மா கெளம்பிப் போனது எனக்குக் கேட்டுச்சு. சூப்புக்குத் தொட்டுக்க பிரட்டு வாங்கிட்டு வரச் சொல்லி உள்ள இருந்தே போன் பண்ணுனேன். எடுத்து, 'செரிங்கண்ணு'ன்னு சொன்னாங்க. பொறகால கொஞ்ச நேரத்துல நீங்க வந்து கூப்புட்டீங்க." அவள் மூச்சு விட்டு விட்டுப் பேசினாள். "ரோடு தாண்டும்போது எங்கூடத்தான் பேசிட்டு இருந்தாங்களோ என்னவோ. அதுல வேன் வந்தது தெரியாமப் போயிருச்சோ என்னவோ. அன்னைக்கே எம் போன்ல அந்தக் கால் பண்ணுன பதிவ அழிச்சுட்டேன் சித்தி. அப்பாகிட்டகூடச் சொல்லல."

பதினேழு வயதில் அதைத் தலையில் ஏற்றி, ஒரு வருஷம் தனியாகச் சுமந்திருக்கிறாள், அக்கா. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம். நான் என் பாரத்தைப் பெரிதாக நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டு போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்போது உள்ளே ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் வீட்டில் இருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். பரணிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்தார். அன்று நீங்கள் கொண்டுபோன பை. ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் அவர் கையில் கொடுத்தது. அவர் அதை யாருக்கும் காட்டியதில்லை. மகளுக்கு முன்னால் குந்தவைத்து உட்கார்ந்தார். அண்ணன் அதிகம் பேசுகிறவர் இல்லையே. ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

"பிரட்டு இருந்துச்சு கண்ணு. பிரட்டுக்கு அடியில, பையோட அடியில, போன் இருந்துச்சு. கடைக்குப் போயி, போனப் பைக்குள்ள போட்டதுக்கு அப்பறந்தான் பிரட்டு வாங்கியிருக்கறா. திரும்பி வரப்பத்தான் அடிபட்டுருக்குது. உங்கூடப் பேசுனப்ப இல்ல கண்ணு."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் தோளில் முகத்தை வைத்து, போன வருஷம் அழாத அழுகையை அழுதாள். "ஏம்ப்பா சொல்லல? ஏம்ப்பா ஒரு வார்த்த சொல்லல?" என்று அவர் முதுகில் அடித்தாள். "அன்னைக்கு ஒருக்காப் பாத்ததோட சரி, இந்தப் பைய மறுக்காத் தொறக்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல கண்ணு. நீ இப்பிடி நெனச்சுட்டு இருந்தது எனக்குத் தெரியாதே" என்று அவரும் அழுதார். ஒரு வாக்கியம், அக்கா. ஒரே ஒரு வாக்கியம் அந்த வீட்டுப் பரணில் ஒரு வருஷம் கிடந்திருக்கிறது.

நான் மெதுவாகக் கேட்டேன். "மல்லித்தழை இருந்துச்சாண்ணே?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருந்துச்சுங்க அம்மிணி."

பையை மடியில் வைத்துக்கொண்டு, "அன்னைக்கே எனக்குத் தெரியுமுங்க" என்றார். "அவளுக்கு மல்லித்தழை வாசமே ஆகாதுங்க. எங்க மூனு பேருக்கும் ஆகாது. பையில அதப் பாத்தப்பவே உங்களுக்குன்னு தெரிஞ்சுபோச்சு."

நான் உங்கள் மகளைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள். "உங்க போசிக்கு மட்டுந்தானுங் சித்தி அம்மா தழை போடுவாங்க. இன்னைக்கும் உங்களுக்குக் குடுத்தனுப்பத்தான் வாங்கப் போனேன். திவசம் முடிஞ்சுது, போயிப் பேசலாம்னு இருந்தேன்."

ஆறு வருஷம், அக்கா. உங்கள் அடுக்களை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஊற்றும்போது மட்டும் நீங்கள் கை நிறையத் தழையைக் கிள்ளிப் போட்டதை நான் பார்த்ததே இல்லை. கிண்டல் வேறு செய்தேன். மல்லித்தழை இல்லை என்று நான் சொன்னபோது நீங்கள் ஏன் சிரித்தீர்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது. உங்களுக்கு வேண்டாத ஒன்றுக்காக ரோட்டைத் தாண்டியிருக்கிறீர்கள்.

"அண்ணே, தெரிஞ்சும் எப்டி என்னைய நல்லா இருக்கியான்னு கேட்டீய?" என்றேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அதுக்கென்னுங்க அம்மிணி? புடிச்சவங்களுக்கு வாங்கறதுக்குப் போனா. வேன்காரன் வந்தான். இதுல உங்ககிட்ட நான் என்னத்தக் கேக்கறது?" என்றார்.

குக்கர் அடங்கியிருந்தது. உங்கள் மகள் எழுந்து முகம் கழுவி வந்து மிளகைப் போட்டுச் சூப்பை இறக்கினாள். "தழ வேண்டாம் தாயி, உங்களுக்கு ஊத்துற மாதிரியே எனக்கும் ஊத்து" என்றேன். என் வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் கூப்பிட்டேன். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். காரம் தூக்கலாக இருந்தது. கொள்ளு சரியாக மசியவில்லை. ஆனாலும் முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் நான் குடித்தது எனக்கென்று நீங்கள் மாற்றிக் கொடுத்த சூப். உங்கள் வீட்டுச் சூப்பை அன்றுதான் குடித்தேன்.

நீங்கள் எனக்காகத்தான் போனீர்கள் என்பது இப்போது நிச்சயமாகிவிட்டது. முன்பு சந்தேகத்தில் கொஞ்சம் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. இனி அது இல்லை. அண்ணன் சொன்னதை நினைத்துப் பார்க்கிறேன். சில நேரம் நம்ப முடிகிறது, சில நேரம் முடியவில்லை. மேஜையில் பனியனை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று தூக்கிவாரிப்போடுகிறது. நீங்கள் இல்லை என்பது ஒவ்வொரு முறையும் புதிதாக வந்து மோதுகிறது. அது நிற்கும் என்று தோன்றவில்லை.

இன்றும் ஞாயிறு, காலையில் மறுபடியும் உங்கள் வீட்டுக்குப் போனேன். கூப்பிடாமலேதான் போனேன். உங்கள் மகள் குக்கரைத் திறந்து, கரண்டியில் கொஞ்சம் எடுத்து, "காரம் பத்துமான்னு பாருங் சித்தி" என்று நீட்டினாள். உள்ளங்கையைக் குழித்து வாங்கினேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டாள், பாவி. உதறவில்லை அக்கா. கையை மூடிக்கொண்டு, "இன்னும் ரெண்டு மிளகு தட்டிப் போடு" என்றேன்.